முகம் மாறும்போது சாவது யார்?

1966 அக்டோபர் 29, சனிக்கிழமை மாலை. பிபிசி தொலைக்காட்சியில் ஒரு முதியவர் தன் கலத்தின் தரையில் சரிந்து விழுகிறார். வெளிச்சம் அவர் முகத்தை விழுங்குகிறது. அது அடங்கும்போது அங்கே கிடப்பவர் வேறொருவர். வயதில் இளையவர், கருத்த தலைமயிர்க்காரர். முதியவர் செத்தாரா பிழைத்தாரா என்று சொல்லாமலேயே கதை முடிகிறது. ‘டாக்டர் ஹூ’ தொடர் அதன் பிறகு பல நூறு பகுதிகளைக் கண்டுவிட்டது. அந்தக் கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு தலைமுறை எழுத்தாளரும் ஒரு புதிய பதிலை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக: டாக்டர் என்று மட்டும் தன்னைச் சொல்லிக்கொள்ளும் அவர் காலிஃப்ரே என்னும் கோளைச் சேர்ந்த டைம் லார்ட். இரண்டு இதயங்கள் உள்ளவர். தன் இனத்தாரிடமிருந்து திருடிய காலயந்திரத்தில் ஊர் ஊராக, யுகம் யுகமாகச் சுற்றுகிறார். லண்டன் போலீசாரின் பழைய நீலநிறத் தொலைபேசிக் கூண்டின் தோற்றம் அந்த யந்திரத்துக்கு. உள்ளே போனால் ஓர் அரண்மனை அளவுக்கு இடம் இருக்கும். தொடர் 1963 நவம்பர் 23-இல் தொடங்கியது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். டாக்டரின் வயது ஒருபோதும் நிலையாக இருந்ததில்லை. 1967-இல் 450 என்றார், 2005-இல் 900 என்றார், அதன் பிறகு இரண்டாயிரத்தையும் தாண்டிவிட்டார். இதைக் கதையின் பிழை என்று பட்டியல் போடுபவர்கள் உண்டு. நீண்ட காலம் வாழ்ந்த ஒருவர் தன் வயதை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் தொடரில் சாவு நுழைந்தது கற்பனையின் வழியாக அல்ல. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்குத் தமனிகள் தடித்து இறுகும் நோய் இருந்தது. வசனங்கள் மறந்தன, படப்பிடிப்பின் வேகம் தாங்கவில்லை. ‘தி டென்த் பிளானட்’ கதையின் மூன்றாம் பகுதிக்கு அவரால் வரவே முடியவில்லை. டாக்டர் மயங்கி விழுந்துவிட்டதாகக் காட்டி அவருடைய வசனங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அப்போதைய தயாரிப்பாளர் இன்னஸ் லாய்டும் கதை ஆசிரியர் ஜெரி டேவிஸும் தொடரை நிறுத்தவில்லை. நாயகனின் உடலையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தார். 1972-73-இல் பழைய டாக்டர்களை ஒன்றுசேர்த்த கதைக்கு ஹார்ட்னெல்லைத் திரும்ப அழைத்தபோது அவரால் உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு, எழுதி நீட்டிய அட்டைகளைப் பார்த்து வசனம் பேச மட்டுமே முடிந்தது. 1975-இல், 67 வயதில் அவர் இறந்தார். உண்மையான ஒரு மனிதரின் தளர்ச்சியை மறைக்கச் செய்த ஏற்பாடுதான் இன்று எல்லாரும் அறிந்த புராணமாக வளர்ந்திருக்கிறது. ‘தி டென்த் பிளானட்’ கதையின் நான்காம் பகுதி பிபிசியின் காப்பகத்தில் இன்று இல்லை. உருமாறும் அந்தச் சில நொடிகள் 1973-இல் ‘புளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில் காட்டப்பட்டதால் மட்டுமே மிஞ்சின.

அதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. விமர்சகர்கள் அதைப் போதிய அளவு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. சைபர்மேன்கள் முதன்முதலில் தோன்றியது அந்தக் கதையில்தான். அவர்களைப் படைத்தவர்களில் ஒருவர் கிட் பெட்லர், ஒரு மருத்துவ விஞ்ஞானி. உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எந்தக் கட்டத்தில் மனிதன் மனிதனாக இல்லாமல் போவான் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது. சாகாமல் இருப்பதற்காக உறுப்புகளை உலோகமாக்கி, உணர்ச்சிகளையும் அறுத்தெறிந்த ஓர் இனம் ஒரு பக்கம். தேய்ந்துபோன உடலை விட்டுவிட்டு, தான் யாராக இருந்தோமோ அதையும் சேர்த்து இழக்கத் துணியும் ஒருவர் மறுபக்கம். சாவை எதிர்கொள்ளும் இரண்டு வழிகளை ஒரே கதைக்குள் எதிரெதிரே நிறுத்திவிட்டார்கள். திட்டமிட்டுத்தான் செய்தார்களா என்பது முக்கியமில்லை. பின்னால் வந்த நல்ல கதைகள் எல்லாம் இந்த எதிர்நிலையைத்தான் பல வகையில் விரித்தன.

நம் மரபில் கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதைகள் பல. மூலன் என்ற இடையனின் உடலில் புகுந்த யோகி உள்ளுக்குள் அதே யோகியாகத்தான் இருந்தார். டாக்டருக்கு அப்படி இல்லை. நினைவுகள் தொடர்கின்றன, குணம், பேச்சு, ரசனை, கோபம் எல்லாம் போய்விடுகின்றன. முந்தையவர் விரும்பிச் சாப்பிட்டது இவருக்குப் பிடிக்காது. ஆகவே இது தப்பித்தலா சாவா என்பதில் எழுத்தாளர்கள் இரண்டு கட்சியாகவே பிரிந்திருக்கிறார்கள். அது சாவுதான் என்று எழுதியவர்களே நிலைக்கும் கதைகளைத் தந்தார்கள் என்பது என் கட்சி.

ரீஜெனரேஷன் என்ற பெயரே 1974-இல்தான் வந்தது. ஜான் பெர்ட்வீயின் கடைசிக் கதையான ‘பிளானட் ஆஃப் தி ஸ்பைடர்ஸ்’ அதற்குப் பெயர் சூட்டியது. அதன் தயாரிப்பாளரும் இயக்குநருமான பாரி லெட்ஸ் பௌத்தத்தில் ஈடுபாடு உள்ளவர். கதையில் டாக்டரின் பழைய குரு ஒரு திபெத்திய மடாதிபதியின் உருவில் வருகிறார். கதிர்வீச்சு நிறைந்த குகைக்குள் போனால் தன் உடல் அழியும் என்று தெரிந்தே டாக்டர் போகிறார். அறிவுத் தாகத்தால் ஒரு நீலப் படிகத்தை எடுத்துவந்த தன் பேராசைக்கு அது விலை. பயத்தை எதிர்கொள்வதுதான் முக்கியம், பிழைப்பது பிறகு என்ற அந்தத் தெளிவு பௌத்தத்திலிருந்து வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, டாக்டரின் பரம எதிரியான மாஸ்டராக நடித்த ரோஜர் டெல்காடோ துருக்கியில் கார் விபத்தில் இறந்திருந்தார். பெர்ட்வீ தொடரை விட்டு விலகியதில் அந்த இழப்புக்கும் பங்கு உண்டு.

எண்ணிக்கை 1976-இல் வந்தது. ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய ‘தி டெட்லி அஸாசின்’ கதையில் ஒரு டைம் லார்ட் பன்னிரண்டு முறை மட்டுமே உருமாற முடியும் என்று ஒரு விதி சொல்லப்பட்டது. மொத்தம் பதின்மூன்று உயிர்கள். அது டாக்டருக்காக வந்த விதியே அல்ல. எல்லா உயிர்களையும் தீர்த்துவிட்டு அழுகிய உடலோடு தொங்கிக்கொண்டிருக்கும் மாஸ்டருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அவ்வளவே. 1983-இல் இந்த விதி இரண்டு முறை நன்றாகப் பயன்பட்டது. ‘மாட்ரின் அன்டெட்’ கதையில் சாகாவரத்தைத் திருடிவிட்டு, சாக முடியாமல் தவிக்கும் விஞ்ஞானிகள் டாக்டரிடம் மிஞ்சியிருக்கும் எட்டு உயிர்களைக் கேட்கிறார்கள். ‘தி ஃபைவ் டாக்டர்ஸ்’ கதையில் சாகாவரம் கேட்ட டைம் லார்ட் தலைவர் போருசா உயிருள்ள கல்லாகிறார். முடிவில்லாத வாழ்வு தண்டனை என்ற பழைய நீதி இரண்டிலும் உண்டு. இருந்தாலும் கையிருப்பை எண்ணிக்கொண்டிருக்கும்வரை சாவு ஒரு கணக்காகத்தான் தோன்றுகிறது.

அதே ஹோம்ஸ்தான் 1984-இல் அந்தக் கணக்கை ஒதுக்கிவைத்து ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோஸானி’யை எழுதினார். இயக்கியவர் கிரேம் ஹார்பர். பீட்டர் டேவிசனின் டாக்டரும் பெரி என்ற அமெரிக்கப் பெண்ணும் ஒரு கோளுக்கு வந்த சற்று நேரத்திலேயே கொடிய விஷத்தைத் தொட்டுவிடுகிறார்கள். சுற்றிலும் ஆயுத வியாபாரிகள், கூலிப்படை, அரசியல் பேரம். டாக்டர் அந்த உலகத்தைத் திருத்த முயலவில்லை. அவளைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு மேல் எதுவும் இல்லை. பெண் வௌவாலின் பாலில் மட்டுமே மாற்று மருந்து. அதை எடுத்துக்கொண்டு, பெரியைத் தூக்கிக்கொண்டு வெடித்துச் சிதறும் நிலத்தில் ஓடிவருகிறார். வழியில் பாதி சிந்திவிடுகிறது. மிஞ்சியது ஒருவருக்கு. பெரிக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொள்கிறார். இந்த முறை உருமாற்றம் நடக்குமா என்ற சந்தேகம் அவருக்கே இருக்கிறது. 2009-இல் ‘டாக்டர் ஹூ மேகசின்’ அதுவரை வந்த கதைகளையெல்லாம் வாசகர்களிடம் தரவரிசைப்படுத்தச் சொன்னபோது இதற்குத்தான் முதலிடம் கிடைத்தது. அறிமுகமாகி அதிக நாள் ஆகாத ஒரு பெண்ணுக்காக, பேரண்டத்தைக் காப்பாற்றும் பெருமை எதுவும் இல்லாமல் ஒருவர் சாகச் சம்மதிக்கிறார். வாசகர்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள்.

1989-இல் தொடர் நின்றது. 1996-இல் வந்த ஒற்றைப் படத்தில் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில், இரண்டு இதயம் உள்ளவர் என்று அறியாத மருத்துவரின் கையில் டாக்டர் இறக்கிறார். 2005-இல் ரஸ்ஸல் டி டேவிஸ் தொடரை மீட்டெடுத்தார். 2010 புத்தாண்டு நாளில் அவர் எழுதிய டேவிட் டெனன்ட்டின் முடிவு ஆண்ட்ரோஸானியின் வாரிசு. பெரும் போர் முடிந்து, பிழைத்துவிட்டோம் என்று மூச்சுவிடும் நேரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் சிக்கிக்கொண்ட வில்ஃப்ரெட் என்ற கிழவர் கதவை நான்கு முறை தட்டுகிறார். அவரை வெளியே விட வேண்டுமானால் டாக்டர் உள்ளே போய்க் கதிர்வீச்சை வாங்க வேண்டும். இந்த டாக்டர் முதலில் கத்துகிறார். இந்தச் சாதாரணக் கிழவனுக்காகவா நான் சாக வேண்டும் என்று ஆத்திரப்படுகிறார். பிறகு உள்ளே போகிறார். தயங்காத தியாகத்தைவிட, வெறுப்பைக் கொட்டிவிட்டுச் செய்த தியாகம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்குப் பிறகு வரும் நீண்ட விடைபெறும் பயணத்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

இந்த வரிசையில் நான் மிக உயர்வாக மதிக்கும் காட்சியில் யாரும் உருமாறுவதில்லை. 2011 இலையுதிர்காலத்தில் ஒளிபரப்பான ‘தி வெட்டிங் ஆஃப் ரிவர் சாங்’கை ஸ்டீவன் மோஃபட் எழுதினார். மாட் ஸ்மித்தின் டாக்டருக்குத் தன் சாவின் நாளும் இடமும் நிமிடமும் தெரியும்: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓர் ஏரிக்கரை. அவர் போகாமல் ஓடிக்கொண்டிருக்கிறார். காலயந்திரம் கையில் இருக்கும்போது எந்த நாளையும் தள்ளிப்போடலாம் என்று பெருமை பேசிக்கொண்டே பழைய நண்பரான பிரிகேடியருக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். எடுப்பவர் முதியோர் இல்லத்தின் செவிலி. பிரிகேடியர் சில மாதங்களுக்கு முன் அமைதியாக இறந்துவிட்டார் என்கிறார். டாக்டர் என்றைக்காவது வருவார் என்று ஒரு கோப்பை பிராந்தியை அவர் எப்போதும் கூடுதலாக ஊற்றி வைக்கச் சொல்வாராம்.

பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டாக 1968 முதல் நடித்து வந்த நிக்கோலஸ் கோர்ட்னி 2011 பிப்ரவரியில் இறந்திருந்தார். அஞ்சலிக் குறிப்பைக் கடைசியில் ஒரு அட்டையில் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். மோஃபட் அந்த உண்மையான இறப்பைக் கதையின் திருப்புமுனை ஆக்கினார். டாக்டர் நினைத்தால் பிரிகேடியர் உயிரோடு இருந்த எந்த நாளுக்கும் போகலாம். முப்பது ஆண்டுகள் பின்னால் போய் அந்த பிராந்தியைக் குடிக்கலாம். போகவில்லையே! எல்லாக் காலமும் கையில் இருந்ததால்தான் தள்ளிப்போட்டார். நண்பரிடமோ ஒரே ஒரு காலம்தான் இருந்தது. தொலைபேசியை வைத்ததும் டாக்டரின் முகத்திலிருந்து பேச்சு போய்விடுகிறது. ஏரிக்கரைக்குப் புறப்படுகிறார். அங்கே அவர் தப்பிக்க ஒரு தந்திரம் செய்வது உண்மைதான். ஆனால் ஓட்டத்தை நிறுத்தியது அந்த ஒரு நிமிடத் தொலைபேசிப் பேச்சு.

அதே மோஃபட்டிடம்தான் 1976-இன் கணக்கும் வந்து சேர்ந்தது. 2013 கிறிஸ்துமஸ் கதையில் டாக்டரின் உயிர்கள் தீர்ந்துவிட்டன. டிரென்ஸலோர் என்னும் கோளில் ஒரு சிற்றூரை நூற்றாண்டுக் கணக்கில் காவல் காக்கிறார். ஊர்ப் பிள்ளைகளின் உடைந்த பொம்மைகளைச் சரிசெய்கிறார், கைத்தடி ஊன்றுகிறார், தலைமுறைகள் அவரைத் தாத்தா போலக் கண்டு வளர்ந்து மடிகின்றன. ஊர் ஊராக ஓடியவர் ஒரே இடத்தில் நின்று கிழவராவது தொடரில் புதியது. அந்தப் பகுதி இன்னும் நீண்டிருக்கலாம். கடைசியில் டைம் லார்டுகள் வானத்தின் விரிசல் வழியாகப் புதிய உயிர்ச் சுழற்சியை அனுப்பிவிடுகிறார்கள். தொடர் நடந்தாக வேண்டும், எனக்கும் புரிகிறது. ஆனால் நூறு நூறு ஆண்டுகள் முதுமையைச் சம்பாதித்தவருக்கு வந்த விடுதலை அவர் சம்பாதித்ததாக இல்லை.

2015 நவம்பரில் வந்த ‘ஹெவன் சென்ட்’ அந்தக் குறையை ஈடுசெய்தது. கிட்டத்தட்ட முழுப் பகுதியிலும் பீட்டர் கபால்டி ஒருவரே; இயக்கியவர் ரேச்சல் டலாலே. தோழி கிளாரா இறந்த துயரத்தோடு டாக்டர் ஒரு கோட்டையில் அடைக்கப்படுகிறார். மெதுவாக, ஓயாமல் ஓர் உருவம் துரத்துகிறது. வெளியேற வைரத்தைவிட நானூறு மடங்கு கடினமான, இருபது அடி தடிமனான சுவர். சில குத்து குத்துவதற்குள் உருவம் வந்து தொட்டுவிடும். சாகும் உடலை எரித்து, தன் புதிய பிரதியை உண்டாக்குகிறார்; அந்தப் பிரதி எதுவும் நினைவில்லாமல் மறுபடி தொடங்குகிறது. கடலடியில் கிடக்கும் மண்டையோடுகள் அனைத்தும் அவருடையவை. இப்படி 450 கோடி ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் சுவரின் முன் நின்று, இது எத்தனையாவது முறை என்பதை உணர்ந்து, சோர்ந்து, பிறகு குத்துகிறார். அன்பானவரை இழந்தவர்களின் காலைப்பொழுது இப்படித்தான் இருக்கும்: இழப்பை அன்றாடம் முதல்முறையாக அறிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

2017-இல் கபால்டியின் டாக்டரைக் கொன்றவர்கள் அதே 1966 வடிவச் சைபர்மேன்கள். அவர் உருமாற மறுக்கிறார். இன்னொரு முகம் வேண்டாம், போதும் என்கிறார். பனியில் அவர் சந்திப்பது, தானும் மாற மறுத்து நிற்கும் முதல் டாக்டரை. ஹார்ட்னெல்லின் வாழ்க்கையைச் சொன்ன 2013 படத்தில் ஹார்ட்னெல்லாக நடித்த டேவிட் பிராட்லியே இங்கே அந்த முதியவர். இருவரும் 1914-இன் கிறிஸ்துமஸ் போர்நிறுத்தத்தில், சாகவிருந்த ஒரு சிப்பாய் பிழைப்பதைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இருவரும் மாறச் சம்மதிக்கிறார்கள்.

2020-இல் கிறிஸ் சிப்னால் எழுதிய கதை டாக்டருக்கு எல்லையே இல்லை என்று அறிவித்தது. அவர்தான் டைம் லார்டுகளின் உருமாறும் ஆற்றலுக்கு மூலம் என்றது. 2023-இல் டெனன்ட்டும் ஷூட்டி காட்வாவும் ஒரே உடலிலிருந்து இருவராகப் பிரிந்தார்கள், யாரும் சாகவேண்டியிருக்கவில்லை. களைத்த டாக்டர் தோழி டோனாவின் வீட்டில் ஓய்வெடுக்கிறார் என்ற எண்ணத்தில் கனிவு இருக்கிறது. ஆனாலும் இழப்பில்லாத உருமாற்றம் எடையில்லாதது என்பதை அந்தப் பகுதி காட்டிக்கொடுத்தது. எண்ணிக்கை போனதால் நான் வருந்தவில்லை. அது ஒருபோதும் சாவின் இருப்பிடமாக இருந்ததில்லை. 2025 மே 31-இல் காட்வாவின் டாக்டர், உலகம் திருத்தி எழுதப்பட்டபோது காணாமல்போன போப்பி என்ற குழந்தைக்காகத் தன் உயிரைச் செலவிட்டார். அப்படி ஒரு குழந்தை இருந்ததை முதலில் அவரே மறந்துபோயிருந்தார். தோழி ரூபிக்கு மட்டும் நினைவிருந்தது. குழந்தை திரும்பி வருகிறது. டாக்டரின் மகளாக இருந்தவள் இப்போது இன்னொரு தோழியான பெலிண்டாவின் மகள். தாயின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், டாக்டரை அடையாளம் தெரியவில்லை.