வானகக் குடியுரிமையும் நாடற்ற கிறித்தவரும்
ஊவாப் பெருந்தோட்ட வாழ்வினை முன்வைத்து ஒரு நோக்கு

இன்றைய கிறித்தவர் மோட்சத்தை மறுப்பதில்லை. ஆயின் அதற்காக ஏங்குவதுமில்லை. விசுவாசப் பிரமாணத்தில் மறுமை வாழ்வு இடம்பெற்றுள்ளது. ஞாயிறுதோறும் அது வாய்விட்டுச் சொல்லப்படுகின்றது. எனினும் வழிபாடு முடிந்தபின் தனித்து நின்று மன்றாடுவோரின் வேண்டுதல்களுள் அது அரிதாகவே காணப்படும். பிள்ளையின் பரீட்சை, நோய் நீக்கம், தொழில், வெளிநாட்டுப் பயணம் என்பனவே அங்கு முந்தி நிற்கின்றன. மோட்சத்தைப் பாடும் பாடல்கள் பெரும்பாலும் சாவு வீட்டிலேயே ஒலிக்கின்றன. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டக் கோயில்களை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று.

இதற்கு வழக்கமாக இரு விளக்கங்கள் தரப்படும். குருமார் தருவது ஒன்று: உலக இன்பங்கள் பெருகியமையால் மக்கள் மேலானதை மறந்தனர் என்பது. முற்போக்காளராகிய நம்மவர் தருவது மற்றையது: அறிவியலும் வர்க்க உணர்வும் வளர, மோட்சம் என்னும் மயக்கம் தானே கலைந்தது என்பது. முன்னையது மக்களைக் குறைகூறுகின்றது. பின்னையது அவர்களைப் பாராட்டுகின்றது. ஆயின் இரண்டும் ‘கிறித்தவர்’ என்னும் பொதுப்பெயரின்கீழ் வெவ்வேறு வர்க்கத்தினரை ஒன்றாக நிறுத்துவதில் ஒற்றுமையுடையன. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் வாழும் தொழிலாளிக்கு உலக இன்பங்கள் பெருகியதால் மோட்சம் மறந்தது என்று கூறுவது நகைப்பிற்கிடமானது. வர்க்க உணர்வால் மறந்தது எனின், வர்க்கப் போராட்டத்தின் நிழல்கூடப் படாத நகர்ப்புற மத்தியதரக் கிறித்தவர் ஏன் மறந்தனர் என்னும் வினா எழும். ஆகவே மோட்ச நாட்டம் குன்றியமைக்குக் காரணம் ஒன்றன்று. வர்க்கத்துக்கு வர்க்கம் அது வேறுபடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

*

தோட்டங்களுக்குக் கிறித்தவம் வந்த வரலாற்றை முதலில் நோக்குதல் வேண்டும். பதுளை நகரில் 1857 இல் திறக்கப்பட்ட பரிசுத்த மாற்கு ஆலயம் மேஜர் றொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் பிரித்தானிய ஆட்சியின் அதிகாரி. யானை வேட்டையாற் பெயர்பெற்றவர். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டவர். ஊவா மலைகளில் வேதம் எவருடைய கைபற்றி ஏறியது என்பதற்கு இவ்வாலயம் ஒரு சான்று. 1854 இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிசன் தோட்டத் துரைமாரின் வேண்டுகோளையும் சந்தாப் பணத்தையும் ஆதாரமாகக் கொண்டு இயங்கியது. அதற்கு வேண்டிய உபதேசிமார் திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து வந்தனர்.

அதே திருநெல்வேலிச் சூழலே எச். ஏ. கிருஷ்ணபிள்ளையையும் (1827–1900) நமக்குத் தந்தது. அவரது இரட்சணிய யாத்திரிகம் 1894 இல் வெளிவந்தது. தமிழில் மோட்ச நாட்டத்தின் மாபெருங் காவியம் அதுவெனில் மிகையாகாது. அதன் மூலமான ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம் (1678), பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலைச் செய்து, மதச் சட்டத்தை மீறிச் சிறைப்பட்ட ஒருவரின் நூலாகும். அரசும் திருச்சபையும் தம்மை ஒதுக்கிய ஓர் உலகில், ஏழைக் கைவினைஞர் தமக்குரிய வேறொரு நகரத்தை வானில் கண்டனர். இரு நூற்றாண்டுகளின் பின்னர் கிருஷ்ணபிள்ளையின் கையில் அந்நகரம் கம்பனின் காவிய மரபுக்குரிய மாட மாளிகைகளுடன் விளங்கியது. எளியோரின் எதிர்ப்புக் குரல் கற்றோர் சுவைக்கும் காவியமாயிற்று. இதனாற் கிருஷ்ணபிள்ளையின் பெருமை குறைவதில்லை. வடிவம் மாறும்போது அதனைத் தாங்கும் வர்க்கமும் மாறுகின்றது என்பதே ஈண்டு கருதத்தக்கது.

இக்காலப்பகுதியில் வேறொரு யாத்திரையும் நிகழ்ந்துகொண்டிருந்தது. திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலிக் கிராமங்களிலிருந்து புறப்பட்டோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை நடந்தனர், அங்கிருந்து மலையேறினர். வழியில் மாண்டோர் பலர். இவ்விரு யாத்திரைகளையும் ஒப்புநோக்கின் அடிப்படையான வேறுபாடு ஒன்று புலனாகும். பனியனின் யாத்திரிகன் மனைவி மக்களை விட்டுத் தனியனாக ஓடுகின்றான்; அவன் தேடும் மீட்பு தனிமனித மீட்பு. தோட்டத் தொழிலாளரோ, குடும்பமாகவும் உறவினர் கூட்டமாகவும் கங்காணியின் பின்னே வந்தனர். அவரது ஏக்கம் தனித்து அடையும் வான நகரைப் பற்றியதன்று. உறவும் தெய்வமும் மூதாதையர் புதைகுழியும் சேர்ந்த ‘ஊர்’ பற்றியது. சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களிலே கண்ணீருக்குக் குறைவில்லை. ஆயின் அக்கண்ணீர் விட்டுவந்த ஊரையும் தாயையும் நோக்கி வழிகின்றதேயன்றி வானத்தை நோக்கியன்று. தொழிலாளருட் பெரும்பான்மையோர் சைவ, வைணவ, கிராமியத் தெய்வ வழிபாட்டினர், கிறித்தவர் சிறுபான்மையினரே. எனினும் இவ்வுணர்வு இரு சாராருக்கும் பொதுவானது. உபதேசியார் கொண்டுவந்த மோட்சம் இவ்வூரேக்கத்தின் மேற் பூசப்பட்ட மெல்லிய பூச்சாகவே இருந்தது எனலாம்.

*

மோட்சம் என்னும் கருத்துள் அடங்கியுள்ள வேட்கைகள் எவை? இதற்கு விவிலியச் சொல்லொன்று வழிகாட்டுகின்றது. பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், விசுவாசிகளுக்கு வானத்தில் உரியதாக ஒன்றைக் குறிப்பிடுகின்றார். அவர் ஆளும் கிரேக்கச் சொல் பொலித்தேயுமா என்பதாகும். குடியுரிமை, குடிமக்கள் சமுதாயம் என அதற்குப் பொருள் கூறுவர். பழைய புரொட்டெஸ்தாந்து மொழிபெயர்ப்பு அதனைக் ‘குடியிருப்பு’ என்றது; 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் ‘தாய்நாடு’ என்றது. குடியிருப்பு, தாய்நாடு, குடியுரிமை ஆகிய இம்மூன்றும் மலையகத் தமிழரிடமிருந்து பறிக்கப்பட்டவையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டவையும் ஆகும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமில்லை.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமை போயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என ஒதுக்கியது; 1974 இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இத்தகைய மக்களிடம் ‘உங்கள் குடியுரிமை வானத்தில் உள்ளது’ என்று ஓதப்படின் அது ஆறுதலா, ஏளனமா? அரசு கூறியதும் ஏறத்தாழ அதுவே: உங்கள் நாடு இதுவன்று, வேறெங்கோ உள்ளது.

இந்நிலையிலே தொழிலாளி அம்மூன்றையும் மண்ணிலேயே கேட்கத் தலைப்பட்டான். வாக்குக் கேட்டான், பிரசாவுரிமை கேட்டான், வீடு கேட்டான், காணி கேட்டான். வானத்துக்கென ஒத்திவைக்கப்பட்டிருந்த வேட்கை பூமிக்கு இறங்கிற்று. அவன் மோட்சத்தை மறந்ததாகக் கூறுவது முழு உண்மையன்று. மோட்சத்தின் உள்ளடக்கத்தைக் கோரிக்கைப் பத்திரமாக மாற்றிக்கொண்டான் என்பதே பொருந்தும்.

மத்தியதரக் கிறித்தவரின் வழி வேறு. மிசன் பாடசாலையிற் கற்று, கிளாக்கராகவும் ஆசிரியராகவும் உயர்ந்து, நகரில் வீடு கட்டி, அடுத்த தலைமுறையை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்க்கு அம்மூன்றும் தவணை முறையிற் கிடைத்துவிட்டன. கைக்கு வந்த பொருளுக்காக எவரும் ஏங்குவதில்லை. அவர்களது மன்றாட்டு, பெற்றதைக் காத்துத் தருமாறு கேட்பதாகச் சுருங்கியது. ஒரே கோயிலில் ஒரே பாட்டைப் பாடும் இரு சாராருள் ஒருவர் மோட்சத்தைப் பெற்றுவிட்டமையால் மறந்தார். மற்றவர் அதனை இங்கேயே பெற வேண்டுமெனப் போராடியமையால் மறந்தார். இரண்டையும் ‘உலகப் பற்று’ என்று கண்டிக்கும் பிரசங்கம் இரண்டாமவர்க்கு அநீதி இழைக்கின்றது.

*

இம்மாற்றத்தை இலக்கியத்திற் காண விழைவோர்க்குத் தெளிவத்தை ஜோசப்பின் (1934–2022) படைப்புக்களினும் சிறந்த சான்று இல்லை. ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த அவர் கத்தோலிக்கர். எனினும் நம் விமர்சகர் அவரை மலையக எழுத்தாளர் என்றே வகைப்படுத்தி, அவரது சமயப் பின்னணியைப் பொருட்படுத்தாது விட்டனர். அது தவறென்றே எனக்குப் படுகின்றது.

‘மீன்கள்’ என்னும் சிறுகதை லயத்து ஒற்றை அறையின் நெருக்கடியை, அந்நெருக்கடி குடும்ப உறவின் மானத்தையே குலைக்கும் எல்லைவரை சென்று காட்டுகின்றது. கதைமாந்தர் வேண்டி நிற்பது இன்னோர் அறையை. 1974 இல் வெளிவந்த நாவலுக்குக் ‘காலங்கள் சாவதில்லை’ என்று பெயர். அழியாமை நித்தியத்துக்கன்றி வரலாற்றுக் காலத்துக்கு உரியதாக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. 1979 ஆம் ஆண்டுத் தொகுதிக்கு ‘நாமிருக்கும் நாடே’ என்று பெயர். நாடற்றவராக்கப்பட்ட சமூகமொன்றின் எழுத்தாளன், தன் நாடு தான் இருக்கும் இடமே என்கின்றான். பவுலடியாருக்கு அளிக்கப்பட்ட மறுமொழியாகவே இதனைப் படிக்கலாம். 2010 இல் வந்த ‘குடை நிழல்’, கொழும்பிலே வாழும் மலையகத் தமிழன் சந்தேகத்தின்பேரில் கைதாவதைக் கூறுவது. நாடு என்று தொடங்கிய வேட்கை, குடையளவு நிழலாகச் சுருங்கிவிட்ட காலம் அது.

அவரது இன்னொரு நாவலின் பெயர் ‘நாங்கள் பாவிகளாக இருக்கிறோம்’ என்பது. செபப் புத்தகத்தின் மொழி இதிற் கேட்கின்றது. ஆயின் செபத்திலே பாவ அறிக்கையின் பின் மன்னிப்பும் மோட்சமும் தொடரும். இங்கு அறிக்கை மட்டும் எஞ்சி நிற்கின்றது. ஜோசப்பின் புனைவுலகிற் கிறித்தவம் மறையவில்லை என்பது இதனாற் பெறப்படும். பாவம், இரக்கம், நீதி என்னும் சொற்கள் உள்ளன; அவற்றின்மேற் கூரையாக நின்ற வானமே இல்லை.

*

திருச்சபையும் மாறாதிருக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) மறுமையின் எதிர்பார்ப்பு இம்மையின் பணியைத் தளர்த்தக்கூடாது, தூண்டவேண்டும் என்றது. 1972 இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயராயிருந்த லியோ நாணாயக்கார தாமே விரும்பி அவ்வறிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்தார். 1980 இல் அருட்தந்தை மைக்கல் றொட்ரிகோ ஊவாவின் புத்தளப் பகுதிக்குச் சென்று பௌத்தச் சிங்கள விவசாயிகளிடையே வாழ்ந்தார். மதம் மாற்றுவதற்காகவன்று; அவர்களது நிலத்துக்காகவும் உரிமைக்காகவும் துணைநின்றார். 1987 நவம்பர் 10 ஆம் நாள், பலிபூசை நிறைவேற்றிய அவ்விடத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். மறுமையை நம்பியவரின் மரணமே அது. ஆயின் மறுமையை ஈட்டுவதற்காக வாழ்ந்தவரின் மரணமன்று. சமயத்தை அபின் என்று மட்டும் கூறி, ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சு என்று அதே பந்தியில் மார்க்ஸ் கூறியதை விட்டுவிடும் நமது பழக்கம் இத்தகைய வாழ்வின் முன் போதாததாகின்றது.

அவ்வாறாயின் மோட்சம் முற்றாகப் பூமிக்கு இறங்கிவிட்டதா? 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மாற்றிடந்தான் காலத்திற் கிடைக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமைச் சிக்கல் பெரிதும் தீர்ந்திருந்தது, குடியிருப்பு தீரவில்லை. பின்னர் ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் எனத் திட்டங்கள் வந்தன. அவை வேண்டியவையே. ஆயின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வானளாவ நின்ற வேட்கை ஏழு பேர்ச்சுக்குள் அடங்கிவிடுவதை வெற்றி என்று மட்டும் கொண்டாட இயலுமா? மண்ணில் மூடுண்டோருக்கு எந்த வீடமைப்புத் திட்டம் ஈடுசெய்யும்? வன்னிக் காட்டுப் பாதையில் விழுந்தோருக்கு எந்தச் சட்டம் பிரசாவுரிமை அளிக்கும்?

மோட்சம் என்னும் கருத்து வாழ்வோருக்கு ஆறுதலாக மட்டும் இருந்ததில்லை. கடைசியானோர் முதல்வராவர், இறந்தோருக்கும் நியாயம் கிடைக்கும் என்னும் தீர்ப்பும் அதனுள் அடங்கியிருந்தது. துரைமாரின் சந்தாப் பணத்தால் வந்த மோட்சத்திலிருந்து அத்தீர்ப்பு கவனமாக நீக்கப்பட்டிருந்தது; இன்றைய மத்தியதரக் கோயிலிலும் அது கேட்பதில்லை. மறந்துபோன மோட்சத்துள் நாம் இரங்கவேண்டியது பொன்வீதிகளுக்காகவன்று, அத்தீர்ப்புக்காகவே. வால்டர் பென்யமின் 1940 இல் எழுதிய வரலாறு பற்றிய குறிப்புக்களில், கடந்த தலைமுறையினர்க்கு நம்மீது உரிமையுண்டு என வற்புறுத்தினார். மார்க்சியம் இறந்தோரின் கணக்கை ஏற்காதுவிடின் அதுவும் தவணைக்கு வீடு வழங்கும் திட்டமாகவே முடியும்.

ஆகவே ஊவாத் தோட்டத்துக் கிறித்தவன் மோட்சத்துக்காக ஏங்காமையை அவனது விசுவாசக் குறைவாகவோ, நமது கொள்கையின் வெற்றியாகவோ கொள்ளல் பொருந்தாது. அவன் கேட்டது இன்னும் கொடுபடவில்லை. கொடுபடும் நாளிலும் மாண்டோரின் பங்கு எஞ்சியிருக்கும். அப்பங்கினைப் பற்றிப் பேசும் மொழி செபப் புத்தகத்தில் ஒருகாலம் இருந்தது. நமது விமர்சனத்தில் அது இனிமேல்தான் உருவாகவேண்டும்.