மதிப்பீட்டில் விடுபட்ட மாமியார்: தமிழக, வங்கதேச ஊட்டச்சத்துத் திட்டங்களை முன்வைத்து

குடும்பநலச் சேவைகளை ஆய்வின் துணைகொண்டு மேம்படுத்துவது பற்றிய விவாதங்களில், நான்சி கார்ட்ரைட்டும் ஜெரமி ஹார்டியும் 2012-இல் வெளியிட்ட நூலுக்குத் தனியிடம் உண்டு. சான்றுசார் கொள்கை குறித்த அந்நூல், தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தையும் அதை முன்மாதிரியாகக் கொண்டு வங்கதேசத்தில் 1995-இல் தொடங்கப்பட்ட திட்டத்தையும் ஒப்புநோக்குகிறது. ஓரிடத்தில் பயன் தந்த திட்டம் மற்றோரிடத்தில் ஏன் தரவில்லை என்பது அதன் வினா. வினா சரியானது, விடையின் ஒரு பகுதி மறுபார்வைக்குரியது.

உலக வங்கிக் கடனுதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழகத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளின் எடை மாதந்தோறும் பார்க்கப்பட்டது. எடை சரிவரக் கூடாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்திற்குத் துணையுணவு. தாய்க்கு ஊட்டச்சத்துக் கல்வி. குழந்தை தேறியதும் துணையுணவு நின்றுவிடும். அதன்பின் தாயே வீட்டுணவைத் திருத்திக்கொள்வார் என்பது திட்டத்தின் எடுகோள். வங்கதேசத்தில் இவ்வெடுகோள் நிற்கவில்லை. சேவ் த சில்ரன் அமைப்பின் 2003 அறிக்கையும், உலக வங்கியின் செயற்பாட்டு மதிப்பீட்டுத் துறை 2005-இல் வெளியிட்ட ஆய்வும் திட்டத்தின் பயன் எதிர்பார்ப்புக்கு வெகுவாகக் குறைந்ததைக் காட்டின. அங்குச் சந்தைக்குச் செல்பவர் ஆண். கூட்டுக்குடும்பங்களில் யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் மாமியார். அறிவுரையோ மருமகளிடம் சென்றது. மையத்தில் உண்ட குழந்தைக்கு வீட்டில் பங்கு குறைந்ததும் உண்டு.

இவ்விளக்கத்தை நூலாசிரியர்கள் தெளிவுற எடுத்துரைக்கின்றனர். ஆயினும் தமிழக வெற்றியின் காரணம் ஐயமற நிறுவப்பட்டது போல அவர்களது வாதம் நகர்கிறது. 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளும் அதன் எல்லைக்குள் வந்தனர். ஒரே ஊரில் இரு திட்டங்கள் நடந்த நிலையில், எடை முன்னேற்றத்தில் எதன் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று.

மேலும், மாமியார் தமிழ் வீட்டிலும் இருக்கிறார். (இதைத் தமிழ் வாசகருக்கு நிறுவிக்காட்ட வேண்டியதில்லை.) அப்படியெனில் வேறுபாடு எங்குள்ளது? இந்தியாவின் வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டு டைசனும் மூரும் 1983-இல் எழுதிய கட்டுரை, தென்னகப் பெண்களின் ஒப்பீட்டளவிலான தன்னுரிமையை உறவுமுறை அமைப்போடு இணைத்தது. மாமியார் சொந்த அத்தையாகவும், தாய்வீடு கூப்பிடு தொலைவிலும் அமைந்த மருமகளின் சொல் அடுக்களையில் எடுபட வாய்ப்பு மிகுதி. இதுவும் சோதிக்கப்பட வேண்டிய கருதுகோளே. சாதிக்குச் சாதி, மாவட்டத்துக்கு மாவட்டம் இந்நிலை மாறும். கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணின் கையிருப்பும் கணக்கில் வர வேண்டும். ‘பண்பாட்டு வேறுபாடு’ என்று எழுதி நிறுத்திவிட்டால் இவையெல்லாம் கேட்கப்படாமலே போகும்.

குழந்தையின் எடைக்கும் வயதுக்கும் வளர்ச்சி அட்டையில் இடமுண்டு. வாங்குபவர், சமைப்பவர், பரிமாறுபவர் யாவர் என்பதற்கு இடமில்லை. குடும்பத்துக்கான சேவையின் மதிப்பீடு தாய், சேய் என்ற இருவரோடு முடிந்துவிடுகிறது. திட்டம் முடிந்தபின் தோல்விக்குக் காரணமாகக் கண்டறியப்படும் செய்தி, தொடக்கநிலை ஆய்விலேயே திரட்டத்தக்கது. எந்த வீட்டில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்பதை அங்கன்வாடிப் பணியாளர் பெரும்பாலும் அறிந்திருப்பார். வினாநிரல் வகுப்போர் முதலில் அவரிடம் கேட்கலாம்.