குறவஞ்சி மேடு

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற வழியில் மேலகரம் என்று ஓர் ஊர். சாரல் காலத்தில் அருவிக்கு விரையும் வண்டிகள் நிற்காமல் கடந்துபோகும் ஊர். அங்கே பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடியதற்காக, மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் மானியமாக விட்டார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் விழுந்தது. காவியம் பாடிப் பொன் பெற்ற புலவர்கள் தமிழில் உண்டு, ஊரையே பெற்றவர்களும் உண்டு. ஆனால் ஆடிப் பாடவென்று எழுதிய ஒரு படைப்பின் பெயரை மண்ணே தாங்கி நின்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

கவிராயரைப் பற்றி நாம் எழுதிவைத்திருப்பது போதாது என்பதல்ல என் குறை. எழுதியதெல்லாம் ஒரே பக்கத்திலிருந்து எழுதியது என்பதுதான். சிற்றிலக்கியப் புலவர் வரிசையில் அவருக்கு ஓர் இருக்கை போட்டுவிட்டோம். பள்ளிப் பாடத்தில் இரண்டு பாட்டு, கல்லூரியில் ஒரு தேர்வுக் கேள்வி. அவர் இசை நாடகம் படைத்தவர், மேடையை மனத்தில் வைத்துச் சொல்லை அடுக்கியவர் என்பது அந்த வரிசையில் உட்கார்ந்ததும் மறைந்துபோனது.

கவிராயரை நாடகக்காரராகப் பார்க்க அதே காலத்து வேறொரு மேடை உதவும். அவருக்கு மானியம் விட்ட நாயக்கரின் ஆட்சி 1732 வாக்கில் முடிகிறது. 1733இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஜொவானி பத்திஸ்தா பெர்கோலேசி என்ற இளைஞர் 'லா செர்வா பத்ரோனா' என்ற சிறிய ஓபராவை மேடையேற்றினார். வேலைக்காரி ஒருத்தி தன் எஜமானனை ஏய்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்கு எஜமானி ஆகிற கதை. பெரிய மனிதர்களின் வீரமும் சோகமும் பேசும் நெடிய ஓபராவின் அங்கங்களுக்கு நடுவே, பார்ப்பவர்கள் சற்று இளைப்பாறட்டும் என்று செருகிய இடைத்துண்டு அது. இன்று உலகம் அந்த இடைத்துண்டைத்தான் பாடுகிறது. நெடிய நாடகத்தைக் கேட்பார் குறைவு. பெர்கோலேசி 1736இல், இருபத்தாறு வயதில் இறந்துபோனார்.

குற்றாலக் குறவஞ்சியிலும் இதே பங்கீடுதான். முதல் பாதி உயர்குடிப் பெண் வசந்தவல்லியின் காதல். திருக்குற்றாலநாதர் உலா வருகிறார், அவள் பார்க்கிறாள், மயங்குகிறாள், நிலவைப் பழிக்கிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள். பிறகு குறத்தி சிங்கி கூடையோடு வந்து மலைவளம் சொல்லி, கை பார்த்துக் குறி சொல்கிறாள். அவள் வந்தபின் மேடை அவளுடையது. அவளைத் தேடிச் சிங்கன் வருகிறான், அவனுக்குத் துணையாக நூவன் வருகிறான், பறவைக்குக் கண்ணி வைக்கிறார்கள். நூல் முடிகிறபோது நம் மனத்தில் நிற்பது வசந்தவல்லியின் ஏக்கம் இல்லை, சிங்கனும் சிங்கியும் அடிக்கும் பேச்சு. பெர்கோலேசியும் கவிராயரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் நேப்பிள்ஸ்காரரும் மேலகரத்துக்காரரும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில், எளிய மனிதர்களின் வாயில் நல்ல பாட்டைக் கொடுத்தால் மேடை உயிர் பெறும் என்று கண்டுகொண்டார்கள்.

ஓபராவுக்கும் குறவஞ்சிக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நாயகன் திருக்குற்றாலநாதர் மேடையில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கட்டியக்காரன் வரவு சொல்கிறான், பெண்கள் பார்த்துப் பாடுகிறார்கள், அவ்வளவே. நெல்லைச் சீமையில் உற்சவரை வீதியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதிர் இல்லை. சாமி பேசவேண்டாம், வந்தால் போதும். கோயிலின் எழுந்தருளலையே தன் நாடகத்தின் முதல் காட்சியாக எடுத்துக்கொண்டார் கவிராயர். குற்றாலத்துக் கோயிலில் வித்துவானாக இருந்தவர் அவர். தலபுராணம், மாலை, சிலேடை வெண்பா, யமக அந்தாதி, உலா, கோவை என்று அந்த ஒரு தலத்தின் மேலேயே பாடிக்கொண்டிருந்தவர். யமகமும் சிலேடையும் படித்தவர் சபைக்கானவை. அவற்றைப் பாடிய அதே கை, அருவிக்கரையில் நிற்கிற எவருக்கும் காதில் ஏறும்படி குறவஞ்சியைப் பாடியிருக்கிறது.

இதன் இசையை எப்படி அறிவது? அச்சான பதிப்புகளில் பாட்டுகளின் தலைப்பில் இராகமும் தாளமும் இருக்கின்றன: தோடி, பைரவி, கல்யாணி, புன்னாகவராளி, ஆதி, சாப்பு. ஸ்வரம் இல்லை. ஆனால் சொல்லுக்குள்ளேயே கவிராயர் நிறைய எழுதிவைத்திருக்கிறார். வசந்தவல்லி பந்தடிக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளையல் ஒலிக்கிறது, சிலம்பு புலம்புகிறது, இடை துவள்கிறது. பொருள் இவ்வளவுதான். அதை மேசையில் விரலால் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தால் வேறொன்று கேட்கும். ஒரு நீட்டம், இரண்டு குறுக்கம். மறுபடி ஒரு நீட்டம், இரண்டு குறுக்கம். நாலெண்ணிக்கை பிசகாமல் போகிறது. நீட்டம் விழும் இடத்தில் பந்து தரையில் அடிபடுகிறது, இரண்டு குறுக்கத்தில் எழும்பிக் கைக்கு வருகிறது. நட்டுவனார் சொல்லித்தர வேண்டிய அடவைப் புலவர் எழுத்திலேயே கட்டிக் கொடுத்துவிட்டார். நான் பல ஆண்டுகள் இதை மௌனமாகவே படித்துவந்தேன். முதன்முறையாக உரக்கப் படித்த நாளில் என் கை தானாகவே மேலும் கீழும் போனது.

சிங்கன் சிங்கி உரையாடலின் கட்டு இன்னும் நுட்பம். நாடெங்கும் குறி சொல்லிவிட்டு நகையும் புடவையுமாக நிற்கிறாள் மனைவி. காட்டைத் தவிர வேறொன்றும் அறியாத சிங்கனுக்கு அவள் காலில் விரியன் பாம்பு கடித்துக் கிடப்பதாகத் தோன்றுகிறது. அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். வாழைக் குருத்தை விரித்து மடித்து உடுத்தியது ஏன் என்கிறான். திருநெல்வேலியார் கொடுத்த சேலை என்கிறாள். கேள்வி காலில் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறுகிறது. ஒவ்வொரு கேள்வியும் அவள் பெயரில் முடிகிறது, ஒவ்வொரு பதிலும் அவன் பெயரில் முடிகிறது. அந்த விளிச்சொல் ஆடுபவருக்கான இடைவெளி. ஒருவர் பெயரை நீட்டிப் பாடி நிறுத்தும்போது மற்றவர் அடியெடுத்து உள்ளே வரலாம். சண்டை போலத் தொடங்குவது சரசமாக மாறுவதற்கும் அந்தப் பெயர்கள்தான் காரணம். கணவன் சந்தேகப்படுகிறான் என்பது மேலோட்டம். ஊர் ஊராகப் போய்த் தன் வித்தையால் சம்பாதித்துத் திரும்பிய பெண்ணின் பெருமிதம் பாட்டின் உள்ளே ஓடுகிறது.

குறவஞ்சி கவிராயரோடு தொடங்கியதல்ல. சங்கப் பாட்டில் வரும் அகவன் மகளும் கட்டுவிச்சியும் குறி சொன்னவர்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் மீனாட்சியம்மை குறம் பாடினார். அது குறத்தி ஒருத்தியின் கூற்றாகவே போகிறது. கதையும் பல பாத்திரங்களும் சேர்ந்தபோது குறம் குறவஞ்சி ஆனது. தஞ்சையில் மராட்டியர் காலத்தில் இந்த வடிவம் அரசவைக்குப் போனது. இரண்டாம் சரபோஜியைத் தலைவனாக வைத்துக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபால குறவஞ்சியைப் பெரிய கோயில் திருவிழாவில் ஆடிவந்தார்கள். அதே சரபோஜியின் பள்ளித் தோழர், பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி பாடிக் கிறிஸ்துவைத் தலைவனாக்கினார். சைவக் கோயிலில் வளர்ந்த வடிவம் ஒரு நூற்றாண்டுக்குள் கிறிஸ்தவச் சபைக்குள் போய் அங்கேயும் வேர் பிடித்தது என்றால், அந்த வடிவத்தின் வலு எவ்வளவு என்று பார்க்கலாம். இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் படித்தபின் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன்: தஞ்சைக் குறவஞ்சியில் அரண்மனை வாடை அடிக்கிறது, குற்றாலக் குறவஞ்சியில் மழை வாடை.

ஆய்வு நடந்த விதத்தில்தான் எனக்கு வருத்தம். தமிழ்த் துறையினர் உறுப்புகளை எண்ணினார்கள். உரைகாரர்கள், குறிப்பாகப் புலியூர்க் கேசிகன், எளிய உரை தந்து பொது வாசகருக்கு நூலைக் கொண்டுபோனார்கள். அது பெரிய உதவி. இசைத் துறையினர் கிருதியிலும் பதத்திலும் மூழ்கியதால் குறவஞ்சி அவர்களுக்கு ஓர் ஓரக் குறிப்பானது. நாட்டியக்காரர்களுக்கு அரங்கேற்றத்துக்கு உதவும் சில பாட்டுகள் போதுமாயிருந்தன. மூன்று துறையும் சேர்ந்து பார்க்கவேண்டிய ஒரு முழுப் பொருளை மூன்றாகப் பிய்த்துவிட்டோம். இதற்கு விலக்காக இரண்டு பேரைச் சொல்லவேண்டும். ஒருவர் ரசிகமணி டி.கே.சி. 1954இல் மறையும்வரை குற்றாலத்தில் வாழ்ந்தவர், கவிதையை வாய்விட்டுப் பாடி, பாவத்தோடு சொல்லிக் காட்டியவர். மற்றவர் ருக்மிணி தேவி. 1944இல் கலாக்ஷேத்திராவின் தொடக்கக் கால நாட்டிய நாடகமாகக் குற்றாலக் குறவஞ்சியை முழுமையாக மேடையேற்றினார். இசையமைத்தவர் வீணை கிருஷ்ணமாச்சாரியார்.

பழைய மெட்டு போனபின் புது மெட்டில் பாடுவது குறையா? இத்தாலிய ஓபராவின் வரலாறு இதில் நமக்குத் தெம்பு தருகிறது. மெத்தாஸ்தாஸியோ என்ற கவிஞர் எழுதிய ஓபராப் பாட்டு நாடகங்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் டஜன் கணக்கான இசையமைப்பாளர்கள் தனித்தனியே இசை அமைத்தார்கள். வார்த்தை ஒன்று, மெட்டு பல. அதை யாரும் கெடுதல் என்று சொல்லவில்லை. நம்மிலும் சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனைகளை எழுத, அவருடைய மாணவர்கள் மெட்டமைத்தார்கள். மிதிலையில் சீதையைப் பார்க்கும் இராமனின் பாட்டு முதலில் சாவேரியில் இருந்தது என்பார்கள், இன்று அதைப் பைரவியில் கேட்டு உருகுகிறோம். பெர்கோலேசியின் இசை தாளில் இருந்ததால் பிழைத்தது. நம் இசை கோயில் ஆடல்மகளிரின் தொண்டையிலும் காலிலும் இருந்தது. தேவதாசி முறையை 1947இல் சட்டம் ஒழித்தது. ஒழிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பெண்களிடம் இருந்த பாட்டை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளும் பொறுமை அன்றைய அறிஞர்களுக்கு இருந்திருக்கலாம்.

மெட்டு பிழைத்த கதையும் தென்காசி மாவட்டத்திலேயே உண்டு. சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 1891இல் இளமையிலேயே மறைந்தார். கழுகுமலை முருகன்மேல் அவர் பாடிய காவடிச் சிந்து இன்றும் அதன் நடையோடு ஒலிக்கிறது. காவடி எடுத்து நடக்கிறவர்களின் காலடி அதற்குத் தாளத்தைக் காத்துக் கொடுத்தது.

குறவஞ்சியை இன்று மேடையேற்ற நினைப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ளவேண்டும். குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் திருவிழாக்களில் ஆபாசம் வளர்ந்து, அது தங்களை இழிவுபடுத்துவதாகக் குறவர் சமூகத்தினர் போராடி, 2023இல் அந்த ஆட்டத்துக்கு அரசு தடை விதித்தது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கவிராயரின் சிங்கி அந்த ஆட்டத்துக் குறத்தி இல்லை. தன் மலையைப் பாடும்போது அவள் குரலில் பணிவு கிடையாது. சொந்த நாட்டைப் பற்றிப் பேசும் அரசியின் தோரணை அது. அவள் மலையில் குரங்குகளும் சித்தர்களும் வானவர்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள், அருவி தெறித்துச் சூரியனின் தேர்ச்சக்கரமே வழுக்குகிறது. அந்தத் தோரணை கெடாமல் ஆடத் தெரிந்தவர்தான் அந்த வேடத்தை ஏற்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பறவைப் பாட்டு. பறவைகள் எங்கெங்கே வந்து மேய்கின்றன என்று சிங்கன் அடுக்குகிறான். ஆயிரப்பேரியையும் தென்காசியையும் சுற்றிவந்து அயிரை, தேளி, ஆரால் மீன்களைக் கொத்துகின்றனவாம். ஆயிரப்பேரி பழைய குற்றாலத்துக்குப் பக்கத்தில் அதே பெயரில் இருக்கிறது. தண்ணீர் வற்றிவரும் நாளில் அந்தப் பக்கத்துக் குளக்கரையில் நின்றால், சேற்று விளிம்பில் கொக்கு ஒன்று கழுத்தை நீட்டி, அசையாமல் நின்று, சடக்கென்று குத்தி எடுக்கும். அலகில் நெளிவது அயிரையா ஆராலா என்று கரையில் நிற்கும் பையன்கள் சரியாகச் சொல்வார்கள். சிங்கனுக்கும் நூவனுக்கும் இரண்டு பேர், ஒரு மத்தளம், பாட்டின் தலைப்பில் அச்சாகியிருக்கும் இராகம். இவ்வளவு இருந்தால் அந்தக் கரையிலேயே ஒரு மாலை பாடிப் பார்த்துவிடலாம்.