அண்டா விளிம்பில் வெட்டிய பெயர்: சி மொழியில் ‘பாதுகாப்பான’ டைப் காஸ்டிங்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு எவர்சில்வர் அண்டா தெருவில் நடக்கும் எந்த விசேஷத்துக்கும் இரவல் போகும். திரும்பி வந்ததும் அம்மா அதைக் கவிழ்த்து விளிம்பைப் பார்ப்பார். அங்கே தாத்தாவின் பெயர் வெட்டியிருக்கும். பெயர் சரியாக இருந்தால் அண்டா பரணுக்குப் போகும். வேறு பெயர் இருந்தால் இரவல் வாங்கியவர் வீட்டுக்கு மறுபடி ஆள் போகும். ஒரே கடையில் ஒரே அளவில் வாங்கிய பாத்திரங்களை உருவத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

சி மொழியில் பெரிய நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். பாயிண்டர் என்பது நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரி. அங்கே என்ன வகைப் பொருள் இருக்கிறது என்பதை முகவரி தானாகச் சொல்லாது. 1989இல் தரப்படுத்தப்பட்ட ஆன்சி சி, ‘வாய்டு ஸ்டார்’ என்ற பொதுப் பாயிண்டரைத் தந்தது. அதை எந்த வகைப் பாயிண்டராகவும் மாற்றிக்கொள்ளலாம் (இந்த மாற்றம்தான் காஸ்ட்), கம்பைலர் ஒரு கேள்வியும் கேட்காது. தவறாக மாற்றியிருந்தால் நிரல் அந்த வரியிலேயே விழுவது நம் அதிர்ஷ்டம். பெரும்பாலும் அது எங்கோ தள்ளி, சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷனில் விழும். தேடித் தேடி இரவு போய்விடும்.

இதற்கு மாற்றாகத்தான் மேக்ரோக்களைக் கொண்டு ‘பாதுகாப்பான காஸ்ட்’ எழுதும் பழக்கம் வந்தது. அதை எடைபோட போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் நல்ல இடம். பல ஆண்டுகள் பெங்களூருவிலேயே பிஜிகான்ஃப் இந்தியா மாநாடு கூடியிருப்பதால், இந்த ஊர் நிரலாளர்களுக்கு அந்த மூலநிரல் அந்நியமும் இல்லை. 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய போஸ்ட்கிரெஸின் ஒரு பகுதி முதலில் லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. லிஸ்ப்பில் ஒவ்வொரு மதிப்பும் தன் வகையைத் தானே சுமந்து வரும். எல்லாவற்றையும் சி மொழிக்கு மாற்றியபோது அந்த வசதி போனது. பெயரைக் கையால் வெட்ட வேண்டியதாயிற்று. அதனால் எஸ்க்யூஎல் வாக்கியத்தைப் பகுக்கும்போது உருவாகும் ஒவ்வொரு ‘நோட்’ ஸ்ட்ரக்டின் தலையிலும் ‘நோட்டேக்’ என்ற எண் நிற்கிறது. ஸ்ட்ரக்டின் முகவரியும் அதன் முதல் உறுப்பின் முகவரியும் ஒன்றே என்று சி தரநிலை உறுதி சொல்கிறது. ஆகவே உள்ளே இருப்பது எதுவானாலும் அதன் டேக்கைப் படித்துவிடலாம்.

2017இல் அங்கே ‘காஸ்ட்நோட்’ என்ற மேக்ரோ சேர்ந்தது. அதற்கு வகையின் பெயரையும் பாயிண்டரையும் கொடுத்தால் போதும். மேக்ரோ அந்தப் பெயரின் முன்னால் ‘டி’ எழுத்தையும் அடிக்கோட்டையும் ஒட்டி, எதிர்பார்க்கும் டேக்கைத் தானே உருவாக்கிக்கொள்ளும். டேக் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பாயிண்டரை மாற்றித் தரும். இதன் அழகு, வகையின் பெயரை ஒருமுறை மட்டுமே எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. முன்பு ஒரு வரியில் ‘இது குவெரி வகையா’ என்று சோதித்துவிட்டு, அடுத்த வரியில் வேறொரு வகைக்குக் காஸ்ட் செய்துவிட வழி இருந்தது. நகலெடுத்து ஒட்டும் கைகள் அந்தப் பிழையைச் சுலபமாகச் செய்யும். காஸ்ட்நோட்டில் சோதனையும் மாற்றமும் பிரிக்க முடியாதபடி கட்டப்பட்டிருக்கின்றன. சோதனை உள்ளே ஒரு இன்லைன் ஃபங்ஷனில் நடப்பதால், கொடுத்த கோவை இரண்டு முறை கணக்கிடப்படும் பழைய மேக்ரோ வியாதியும் இல்லை. இத்தனை சிறிய கருவிக்கு இது பெரிய சாதனை என்றே நினைக்கிறேன். படிக்கிறவருக்கும் லாபம் உண்டு: இந்த இடத்தில் இன்ன வகைதான் வர வேண்டும் என்ற எழுதியவரின் எண்ணம் நிரலிலேயே பதிவாகிவிடுகிறது.

எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் பையன் ஒருவன் கல்லூரி புராஜெக்டுக்காக போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறான். மாடி அறையில் அவனோடு உட்கார்ந்து இந்த மேக்ரோவைப் படித்துக்கொண்டிருந்தபோது கேட்டான்: “அண்ணா, டேக் பொருந்தலைன்னா என்ன ஆகும்?”

“அசெர்ட் அடிச்சு நிக்கும்.”

“நாம உபுண்டுல போடுற பேக்கேஜ்லயும் நிக்குமா?”

நிற்காது. அந்தச் சோதனை, தோற்றால் நிரலை நிறுத்தும் அசெர்ட் வசதியோடு தொகுத்த பில்டில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. மக்கள் பயன்படுத்தும் பேக்கேஜ்களில் காஸ்ட்நோட் பழைய வெறும் காஸ்டாகவே சுருங்கிவிடும். எதையும் சுட்டாத நல் பாயிண்டரோ எந்த பில்டிலும் கேள்வியின்றிக் கடந்துவிடும்.

இந்த முறையின் மையக் குறை இதுதான். பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு திட்டமும் ஒரு வழியில் போகிறது. லினக்ஸின் க்னோம் பயனர் இடைமுகத்தின் அடியில் இருக்கும் ஜிஆப்ஜெக்ட் நூலகத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு காஸ்ட் மேக்ரோ உண்டு. க்னோம் திரையில் ஒரு தமிழ் வரி தெரிய பேங்கோ நூலகம் வழியாக நடக்கும் வேலையும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. ஜிஆப்ஜெக்டில் காஸ்ட் தோற்றால் ‘செல்லாத காஸ்ட்’ என்று ஒரு செய்தி அச்சாகும். அதன்பின் அதே தவறான பாயிண்டர் அப்படியே திருப்பித் தரப்படும். அண்டாவில் வேறு பெயர் இருப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு அதையே பரணில் ஏற்றுவது போன்றது இது. டெர்மினல் பக்கமே போகாத பயனருக்கு அந்தச் சத்தமும் கேட்காது. இதைப் ‘பாதுகாப்பு’ என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. க்யூஎமு மெய்நிகர் இயந்திரம் நேர் எதிர்முனையில் நிற்கிறது: காஸ்ட் தோற்றால் அந்த இடத்திலேயே அபார்ட். உள்ளே ஓடும் விருந்தினர் இயங்குதளமும் அதோடு விழும். கடுமைதான், ஆனால் நேர்மை இருக்கிறது. சோதனையின் செலவைக் குறைக்க, சமீபத்தில் வென்ற சில காஸ்ட்களை க்யூஎமு நினைவில் வைத்துக்கொள்கிறது. சோதனையை அணைத்துத் தொகுக்கும் வாய்ப்பையும் தருகிறது.

சி++ மொழியின் டைனமிக் காஸ்ட் தோற்றால் நல் பாயிண்டர் வரும். அழைத்தவர் அதைப் பார்த்து முடிவு செய்யலாம். சி மேக்ரோக்களில் அழைத்தவருக்கு அந்த உரிமை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இன்னொரு குறை இன்னும் ஆழமானது. பழைய பாத்திரத்தை எக்ஸ்சேஞ்சில் வாங்கியவர் விளிம்பிலிருக்கும் பெயரை அழிக்காமல் விட்டுவிடுவது உண்டு. விடுவிக்கப்பட்ட நினைவகமும் அப்படித்தான். பொருள் போய்விட்ட பிறகும் பழைய டேக் அங்கேயே கிடக்கலாம். காஸ்ட் ஜோராகத் தேறிவிடும். போஸ்ட்கிரெஸின் அசெர்ட் பில்டில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு: விடுவித்த இடம் முழுவதும் பதினாறடிமான 7எஃப் பைட்டுகளால் நிரப்பப்படும். பெயரைச் சுரண்டி அழிப்பதற்குச் சமம். அதன்பின் எந்த டேக்கும் பொருந்தாது, பிழை உடனே பிடிபடும். ஆனால் இந்தச் சுரண்டலும் பயனர் பில்டில் கிடையாது.

காஸ்ட்நோட் டேக்கின் சமத்துவத்தை மட்டுமே பார்க்கிறது, பரம்பரையைப் பார்ப்பதில்லை. குவெரித் திட்டத்தின் எல்லா நோடுகளுக்கும் பொதுவான ‘பிளான்’ போன்ற தாய் வகைக்கு மாற்ற வேண்டுமானால் இன்றும் வெறும் காஸ்ட்தான். ஜிஆப்ஜெக்ட், க்யூஎமு இரண்டும் இந்த இடத்தில் முந்துகின்றன. மூதாதை வகையையும் அவற்றால் சரிபார்க்க முடியும். முழு எண், தசமம், சரம் மூன்றும் ‘வேல்யூ’ என்ற ஒரே ஸ்ட்ரக்டைப் பல டேக்குகளோடு பகிர்ந்துகொண்ட காலமும் போஸ்ட்கிரெஸில் இருந்தது. அங்கே இந்த மேக்ரோவால் கைகொடுக்க முடியவில்லை. பதிப்பு 15இல் அந்த ஸ்ட்ரக்டையே தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு சோதனைக் கருவி தரவின் வடிவமைப்பையே திருத்தத் தூண்டலாம் என்பதற்கு இதை ஓர் அடையாளமாகப் பார்க்கிறேன். இந்தப் பழக்கத்தின் பெரிய பலன்களில் ஒன்றாக இதை எண்ணுகிறேன்.

லினக்ஸ் கெர்னலின் ‘கன்டெய்னர் ஆஃப்’ மேக்ரோ வேறு வழி போகிறது. உள்ளே பதிந்த உறுப்பின் முகவரியிலிருந்து பின்னோக்கிக் கழித்து, அதைத் தாங்கும் ஸ்ட்ரக்டைக் கண்டுபிடிக்கும். 2017 முதல், கொடுத்த பாயிண்டரின் வகை உறுப்பின் வகையோடு பொருந்தாவிட்டால் தொகுப்பே நின்றுவிடும். ஓட்டத்தில் ஒரு நொடியும் செலவில்லாத இந்தக் காவல் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பட்டியலில் கோக்க உதவும் ‘லிஸ்ட் ஹெட்’ எண்ணற்ற ஸ்ட்ரக்டுகளில் உறுப்பாக இருக்கிறது. கையில் இருப்பது எந்த வீட்டு லிஸ்ட் ஹெட் என்பது கம்பைலருக்கும் தெரியாது, மேக்ரோவுக்கும் தெரியாது.

டேக்கைப் படிப்பது ஒரு நினைவக வாசிப்பும் ஓர் ஒப்பீடும்தான். அடுத்த வரியில் அதே ஸ்ட்ரக்டைத் தொடத்தானே போகிறோம்? அதனால் வேகத்தின் பெயரால் சோதனையை முழுவதும் அணைப்பதை நான் ஏற்கவில்லை. அசெர்ட்டைப் பயனர் பில்டில் விடாததற்கு வேறு நியாயம் இருக்கிறது: அது தோற்றால் அந்த பிராசஸ் விழும், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற தலைமை பிராசஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து மறுபடி தொடங்கும். ஒரு தவறான நோடுக்கு முழு சர்வரும் விலை கொடுப்பது அநியாயம். ஆனால் நடுவழி போஸ்ட்கிரெஸிலேயே இருக்கிறது. அதன் ஸ்விட்ச் வாக்கியங்களின் கடைசியில், தெரியாத நோட் வகை வந்தால் ‘ஈலாக்’ வழியாக எரர் எழுப்பும் வரி வழக்கமாக இருக்கும். அந்த ஒரு டிரான்சாக்ஷன் மட்டும் ரத்தாகும், மற்றவர்கள் வேலை தொடரும். இடையில் முறியக்கூடாத ‘கிரிட்டிகல் செக்ஷனுக்குள்’ எரர், முழு சர்வரையும் வீழ்த்தும் ‘பேனிக்’காக மாறிவிடும் என்பதால் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. வெளியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வழியே நோடுகள் நுழையும் வாசலுக்கு இதுவே சரி.

பையனின் புராஜெக்டில் அப்படித்தான் செய்தோம். காஸ்ட்நோட்டைப் போலவே டேக்கை ஒட்டி உருவாக்கும் சொந்த மேக்ரோ ஒன்று. அசெர்ட்டுக்குப் பதில் உள்ளே எரர். வேண்டுமென்றே தவறான நோடைக் கொடுத்துப் பார்த்தான். குவெரி ரத்தானது, சர்வர் தொடர்ந்து ஓடியது. நல் வந்தால் விட்டுவிடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான், பிறகு அதையும் எரர் ஆக்கினான்.