ஆற்றைத் திருடிய பாதிரியார்

பயணப் புத்தகம் எதைக் கையில் எடுத்தாலும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வர்ணனைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, தேதிகளை மட்டும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே போவேன். என்றைக்குக் கிளம்பினார், என்றைக்குச் சேர்ந்தார், நடுவில் எத்தனை கிலோமீட்டர். பி.காம். படித்த தோஷம். கணக்கு டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது.

லூயி ஹென்னபின் என்கிற பாதிரியாரைப் படிக்க இந்தக் கெட்ட பழக்கம் ரொம்ப உதவியாக இருந்தது.

ஆள் பிறந்தது இன்றைய பெல்ஜியத்தில். பிரான்சிஸ்கன் துறவி. வட அமெரிக்காவில் பாதி தனக்குத்தான் என்று பிரான்ஸ் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் கனடா போய், லா சால் என்பவரின் கோஷ்டியில் சேர்ந்தார். லா சாலுக்குத் தோல் வியாபாரம் பாதி, சாகசம் பாதி. மிசிசிப்பியைக் கடல்வரை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கனவு. 1680 பிப்ரவரி கடைசி நாளில் ஹென்னபினையும் இன்னும் இருவரையும் ஒரு படகில் ஏற்றி முன்னால் அனுப்பினார். மார்ச் மாதம் இலினாய் ஆறு வழியாக மிசிசிப்பியைத் தொட்டார்கள். வடக்கே திரும்பினார்கள். ஏப்ரல் 12 வாக்கில் டகோட்டா வீரர்கள் 33 படகுகளில் வந்து வளைத்துக்கொண்டார்கள். பிறகு சில மாதம் சிறைவாசம், மீட்பு, ஊர் திரும்புதல். 1683ல் பாரிஸில் புத்தகம் வந்தது. லூயிசியானாவைப் பற்றிய வர்ணனை. சமர்ப்பணம் பதினான்காம் லூயி மன்னருக்கு. இதுவரை சரி.

பதினாலு வருஷம் கழித்து, 1697ல், ஹாலந்தில் உள்ள உட்ரெக்ட்டிலிருந்து இன்னொரு புத்தகம். இந்தத் தடவை சமர்ப்பணம் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியமுக்கு. லூயியின் பரம எதிரி! அதைக்கூட விட்டுவிடலாம். சமர்ப்பணத்தை மாற்றிக்கொண்ட எழுத்தாளர்கள் எல்லா ஊரிலும் உண்டு. விஷயம் உள்ளே இருக்கிறது. அந்த மார்ச் மாதத்துக்கும் ஏப்ரல் 12க்கும் நடுவில், வடக்கே போவதற்கு முன்னால், தெற்கே கடல்வரை போய் மிசிசிப்பியின் முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டே திரும்பினேன் என்கிறார் பாதிரியார்.

காகிதத்தை எடுத்தேன்.

இலினாய் ஆறு கலக்கும் இடத்திலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை, ஆறு வளைந்து போகிற இன்றைய கணக்கில், சுமார் 1,900 கிலோமீட்டர். போக வர 3,800. கையில் இருப்பது ஒரு மாதம். தினம் 125 கிலோமீட்டருக்கு மேல் துடுப்புப் போட வேண்டும், அதில் பாதி தூரம் எதிர்நீச்சல். பிடிபட்ட இடம் இன்னும் வடக்கே. அந்தத் தூரத்தை நான் சேர்க்கவே இல்லை.

ஒப்பிட வேறு ஆட்கள் இல்லையா? இருக்கிறார்கள். லா சால் பிற்பாடு நிஜமாகவே போனார். 1682 பிப்ரவரியில் அதே சந்திப்பிலிருந்து கிளம்பி, ஏப்ரலில்தான் கடலைக் கண்டார். ஏப்ரல் 9 அன்று சிலுவையும் தூணும் நட்டு, இந்த நதி பாயும் தேசம் மொத்தமும் லூயி மன்னருக்குச் சொந்தம் என்று அறிவித்தார். அங்கே காலங்காலமாகக் குடியிருந்தவர்களிடம் கேட்டாரா என்பது தனிக் கதை. நமக்கு வேண்டியது நாள் கணக்கு: நடுவில் தங்கியதையும் சேர்த்து, போக மட்டுமே ஏறக்குறைய இரண்டு மாதம்.

சரி, ஏன் பதினாலு வருஷம் வாயைத் திறக்கவில்லை? லா சாலுக்குப் பயந்து மறைத்தேன் என்கிறார். லா சால் 1687லேயே டெக்சாஸ் பக்கம் தன் ஆட்கள் கையாலேயே செத்துப்போனார். செத்தவர் மறுத்துப் பேசவா போகிறார்?

இத்தோடு முடியவில்லை. 1691ல் லெ கிளெர்க் என்ற இன்னொரு துறவியின் புத்தகத்தில், லா சாலோடு கடல்வரை போன மாம்ப்ரே பாதிரியாரின் குறிப்புகள் அச்சாகியிருந்தன. ஹென்னபினின் கடற்பயண அத்தியாயங்கள் அங்கிருந்து கிளம்பியவை. 19ம் நூற்றாண்டில் ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அம்பலப்படுத்தினார். எல்லாம் பதிப்பாளர் செய்த வேலை, பாவம் ஹென்னபின் என்று வாதாடிய அறிஞரும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நயாகராவைப் பாருங்கள். முதல் புத்தகத்தில் அருவியின் உயரம் 500 அடிக்கு மேல். இரண்டாவதில் 600. உண்மையில் 200 அடிகூட இல்லை. இவர் கையில் எண்கள் வட்டி போட்டு வளர்கின்றன.

இங்கே ஜாக் மார்க்கெத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஏசுசபை பாதிரியார். 1673ல் லூயி ஜோலியே என்பவரோடு, மொத்தம் ஏழு பேர், மரப்பட்டையில் செய்த இரண்டு படகில் போனார். ஜூன் 17 அன்று மிசிசிப்பியில் இறங்கி, ஜூலை 17 அன்று அர்கன்சாஸ் ஆற்றுப் பக்கத்தில் திரும்பிவிட்டார்கள். ஒரு மாதத்தில், ஆற்றின் போக்கிலேயே, சுமார் 1,600 கிலோமீட்டர். இது மனிதக் கணக்கு. வழியில் ஒரு கிராமத்தார் கொடுத்த புகைக்குழாயைத் தூக்கிக் காட்டித்தான் இன்னொரு கிராமத்தில் உயிர் தப்பினார் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார். இன்னும் போனால் ஸ்பானியர்களிடம் மாட்டுவோம், கண்டறிந்ததெல்லாம் வீணாகிவிடும், அதனால் திரும்பினோம் என்று காரணமும் சொல்கிறார். கடலைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அன்றைக்கு யார் போய் சரிபார்த்திருப்பார்கள்? 1675ல், 37 வயதில் இறந்துபோனார். குறிப்புகள் அச்சானதைக்கூட அவர் பார்க்கவில்லை.

அப்படியானால் ஹென்னபினைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாமா? அங்கேதான் எனக்குச் சங்கடம். இந்த மனுஷர் நன்றாக எழுதுகிறார் சார்!

கடல் அத்தியாயங்களில் அல்ல. அங்கே எல்லாம் தட்டையாக, ரயில்வே அட்டவணை மாதிரி ஓடுகிறது. டகோட்டாக்களிடம் மாட்டிய பிறகு பாருங்கள். உதட்டை அசைத்து ஜெபப் புத்தகம் படிக்கிறார். ஏதோ பில்லிசூனியம் என்று அவர்கள் முறைக்கிறார்கள். உடனே மாதா பிரார்த்தனையைச் சத்தமாகப் பாட ஆரம்பிக்கிறார். ஓ, அந்தப் புத்தகத்துக்குள் இருக்கும் ஆவி நம்மை மகிழ்விக்கப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்று சமாதானமாகிவிடுகிறார்கள். அவருடைய ஜரிகை பூஜை அங்கியை ஒரு தலைவர் பிடுங்கி, இறந்த உறவினரின் எலும்புகளை அதில் சுற்றி வைத்துக்கொள்கிறார். சிங்கக் கால் வைத்த இரும்புப் பானையைத் தொடவே பயப்படுகிறார்கள். அதே தலைவர் தன் மகனைப் போரில் பறிகொடுத்தவர். முதலில் இவரைக் கொல்ல நினைத்து, கடைசியில் மகனாகத் தத்து எடுத்துக்கொள்கிறார். இவர் நடக்க முடியாமல் சோர்ந்து கிடந்தபோது, சுடுகல்லில் ஆவி பிடிக்க வைத்துத் தேற்றுகிறார்.

பாஷை கற்றுக்கொண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. குடிசைக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடிக் காட்டுகிறார், 'ஓடு' என்பதற்கு என்ன வார்த்தை என்று தெரிந்துகொள்ள. ஐம்பதைத் தாண்டிய பாதிரியார்! சொன்னதை எழுதிக்கொள்கிறார். மறுபடி கேட்கும்போது காகிதத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்கிறார். அந்தக் காகிதம்தான் இவருக்கு எல்லாம் சொல்லித் தருகிறது என்று அவர்கள் வியக்கிறார்கள்.

போகாத இடத்தைப் பற்றி எழுதும்போது இந்த மாதிரி ஒரு பானை, ஒரு அங்கி கூட அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் மாம்ப்ரேயினுடையது. அதோடு, பொய் பிடிபட்ட பிறகு நிஜமாக அனுபவித்த அத்தியாயங்களையும் பலர் சந்தேகப்பட்டார்கள். ஒரு கணக்கில் தில்லுமுல்லு என்றால் ஆடிட்டர் மற்ற லெட்ஜர்களையும் புரட்டத்தானே செய்வார்.

ஆனாலும் புத்தகம் பல மொழிகளில், பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. மின்னியாபொலிஸ் நகரம் இருக்கும் மாவட்டத்துக்கே இன்று அவர் பெயர்தான். அங்கே அவர் பெயர் வைத்த புனித அந்தோனியார் அருவியும் இருக்கிறது. அந்த அருவியை மட்டும் அவர் நிஜமாகவே பார்த்தார்.

1698ல் வந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கடல் பயணத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு, அந்த 33 படகுகள் வருகிற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.