லாம் வாங்கிய பழம்புத்தகம்

பழம்பொருட் கடைகளைச் சுற்றிவரும் இன்பத்தைப் பற்றி எழுதியோர் பலர். பொருளின் வயதைச் சொல்லுவர், அழகைச் சொல்லுவர். வாங்கியவனுடைய பணப்பையைப் பற்றி மட்டும் வாய் திறவார். சார்ல்ஸ் லாம் 1823-இல் வெளியிட்ட ‘பழைய பீங்கான்’ என்னும் கட்டுரை அப்பையையே திறந்து காட்டுகின்றது. ஆதலின் அது நம்மவர் படிக்கத் தக்கதென்போம்.

லாம் பிரபு அல்லர். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்கெழுதிய குமாஸ்தா. (1819-இல் அக்கம்பெனியின் பேரால் சிங்கப்பூரில் கொடி நாட்டப்பட்டபோதும் அவர் அம்மேசையில்தான் இருந்தார்.) அவருடைய தமக்கை மேரியே இக்கட்டுரையில் பிரிட்ஜெட் என்னும் உறவினராக வந்து, தாங்கள் ஏழைகளாயிருந்த நாட்களை நினைவூட்டுகின்றார். பழைய நாடகப் பதிப்பொன்றை வாரக்கணக்காகப் பார்த்துப் பார்த்துத் தயங்கியதும், ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணி நெருங்குகையில் லாம் கடைக்கு விரைந்ததும், படுக்கப்போன கிழக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்ததும், பிரிந்த ஏடுகளை விடியும்வரை விட்டுவைக்க மனமின்றி இரவோடிரவாகப் பசையிட்டு ஒட்டியதும் கண்முன் நிற்கின்றன. செலவு பதினைந்தோ பதினாறோ ஷில்லிங். அதற்காக நைந்த உடுப்பையே இன்னும் நான்கைந்து வாரம் லாம் அணிந்தாராம். இப்பொழுது விரும்பிய நூலை வாங்கப் பணமுண்டு. அந்த வெற்றிக் களிப்பு எங்கே என்பது அம்மையாரின் வழக்கு.

இதை மட்டும் படித்துவிட்டு, ஏழ்மையே இன்பமென்று உபதேசிக்கப் புறப்படுவோர் உளர். அவர்கள் லாம் கூறும் விடையைப் படித்தாரிலர். வறுமையைத் தாங்கியது இளமை. முதுமைக்கோ வண்டியும் மெத்தையும் வேண்டும் என்கிறார் அவர். அம்மையார் பேச்சு இனிது. லாமின் விடையே உண்மை. தயங்கி நிற்பதற்கும் கையில் கொஞ்சம் மிச்சம் வேண்டுமன்றோ? சம்பளத்தன்றே கூலி முழுதும் கடைக்கணக்கில் கரைந்துவிட்ட தோட்டத் தொழிலாளிக்கு அந்தத் தயக்கமும் எட்டாப் பொருளே.

ஆயினும் லாமிடம் நமக்கொரு குறை உண்டு. அக்கடைக்காரருக்கு அவர் கொடுத்தது ஒரு முணுமுணுப்பு மட்டுமே. படுக்கப்போன கிழவர் ஏன் எழுந்து வந்தார்? சிங்கப்பூரில் 1930-களில் தோன்றி 2017 ஜூலை 10-ஆம் நாள் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையை அறிந்தவர் இதைக் கேளாதிரார். வாடகையில்லாத அவ்விடத்தில் தரையில் விரிப்பிட்டு, பழைய கைக்கடிகாரமும் நாணயமும் ரேடியோவும் பரப்பி உட்கார்ந்திருந்தோருள் முதியோர் பலர். நாம் பேரம் பேசிக் குறைத்த இரண்டு வெள்ளி, நமக்கு வீட்டில் சொல்லி மகிழ ஒரு கதை. அவர்களுக்கோ அது இராச்சோறு.

லாமின் கட்டுரையைத் தமிழில் தருவோர் தரட்டும். அச்சனிக்கிழமை இரவைக் கடைக்குள்ளிருந்து, மெழுகுத்திரியைப் பிடித்து நின்றவர் வாயால் எழுதுவோர் நம்மவருள் எவரேனும் உண்டாயின், அதனையே முதலில் படிக்க விரும்புவோம்.