பேயிடம் பேச மறந்த படங்கள்

1973 டிசம்பரில் 'தி எக்ஸார்சிஸ்ட்' வந்தபோது திரையரங்குகளில் மயங்கி விழுந்தவர்களைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பெரிய விளைவு பின்னால்தான் தெரிந்தது. அங்கே மங்கிக்கிடந்த பேயோட்டும் சடங்குக்கு அந்தப் படமும் அதன் பரபரப்பும் மறுவாழ்வு கொடுத்தன என்று சமூகவியலாளர் மைக்கேல் குனியோ 2001இல் ஒரு நூலே எழுதினார்.

நமக்கு வாய்த்தது 'சந்திரமுகி' (2005). அதில் வரும் கங்காவைப் பிடித்தது பேயல்ல, மனநோய் என்று ரஜினியின் வாயால் சொல்லவைத்தது பெரிய காரியம். எந்த வைத்தியர் கூட்டம் போட்டிருந்தாலும் அந்தச் சேதி ஹட்டன் தேயிலைத் தோட்ட லயங்களுக்குள் இவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் அதே படம் பூட்டிய அறையையும் பாம்பையும் காட்டி மிரட்டுகிறது. குணப்படுத்தும் நேரத்தில் மந்திரவாதியையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. பார்த்தவர்கள் மனதில் நின்றது சலங்கைச் சத்தம்தான்.

தோட்டத்தில் பேயோட்டும் கோடாங்கியைக் கேலி செய்வது சுலபம். அவர் உடுக்கை அடித்து முதலில் கேட்பது, "நீ யாரு? எதுக்கு வந்த? என்ன வேணும்?" எதிரே தலைவிரித்து ஆடுபவள் பல நேரம் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். மாமியார் முன்னால் வாய் திறக்காதவள், பேயின் வாயால் அடியையும் பசியையும் சொல்லிவிடலாம். சொன்னது பேய்தானே, யார் கோபிக்க முடியும்? அடுத்த காம்பிராவின் இருமல்கூடக் கேட்கும் லயத்தில், ஒரு பெண்ணின் மனக்குறையை ஊரே உட்கார்ந்து கேட்க வேறு இடம் ஏது?

இந்த நன்மைக்குக் கொடுக்கும் விலை அதிகம். சாட்டையடியும் மிளகாய்ப் புகையும் யாருக்கும் வைத்தியமல்ல. வலிப்பு வந்த பிள்ளையை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரத்தை உடுக்கை விழுங்கிவிடுகிறது. இதைவிடக் கொடியது செய்வினை. பேய் செத்தவருடையது, செய்வினைக்கோ உயிரோடு ஒரு குற்றவாளி வேண்டும். வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால் சந்தேகம் சுவரை ஒட்டி வாழ்பவள் மேல்தான் விழும். விடிந்தால் இருவரும் ஒரே மலையில் கொழுந்தெடுக்க வேண்டும்.

நம் பேய்ப்படங்கள் பெரும்பாலும் கோடாங்கியின் கேள்வியைக் கைவிட்டு அடியையும் அலறலையும் எடுத்துக்கொண்டன. 'காஞ்சனா' (2011) ஓரளவு விதிவிலக்கு: அநியாயமாகக் கொல்லப்பட்ட திருநங்கை தன் கதையைத் தானே சொல்கிறாள். பாதிப் படம் சிரிப்பில் போனாலும் அந்தப் பேச்சு நிற்கிறது.

சடங்குக்கே வருவோம்: 1999இல் வத்திக்கான் திருத்திய பேயோட்டும் விதிகள், நோயா என்று முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்கின்றன. நம் தோட்டக் கோயில் கமிட்டிகளும் இரண்டு கட்டுப்பாடு போடலாம். ஆஸ்பத்திரித் துண்டைப் பார்க்காமல் உடுக்கை எடுக்கக் கூடாது. செய்வினை செய்தது யார் என்று எவர் பெயரையும் சொல்லக் கூடாது.